ஒரே கப்பலுக்கு இரண்டு விலை

அன்புள்ள அம்மா,

உங்க முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

நேற்று கப்பலில் ஒரே வேடிக்கை. நான் சுத்தம் செய்யும் அறையில் ஒரு ஆஸ்திரேலியத் துரை. பக்கத்து அறை ஜெர்மன்காரி இதே பயணத்துக்குப் பாதிதான் கட்டினாளாம். அது தெரிந்ததும் என்னிடம் வந்து குதித்தார்.

"டிக்கெட்ட எந்த நாட்டுல வாங்குறீங்களோ அந்த நாட்டு விலைதாங்க. எங்கம்மா பறிக்கிற தேயிலையும் நாட்டுக்கு நாடு ஒரு விலைக்குத்தான் போகுது" என்றேன்.

"உங்கம்மா என்ன விலைக்கு வாங்குறாங்க?"

"விலையே இல்லங்க. தோட்டத்துல மாசாமாசம் தேயிலைத் தூள் சும்மா குடுப்பாங்க."

துரை சிரித்துவிட்டார். "அப்ப எனக்கு அந்தத் தூள்தான் வேணும்!"

பத்தாம் தேதி கப்பல் கொழும்புக்கு வரும். அப்பாவிடம் ஒரு பாக்கெட் தூள் கொடுத்து அனுப்புங்க. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்க மகன்,
கோகுலராஜ்

துரை மும்பையிலேயே இறங்கிவிடுவார், அம்மா. தூள் எனக்குத்தான்.