திருடியைச் சமன் செய்த கதை

ஏட்டி,

சிவகாசியிலிருந்து பார்சல் வந்திருக்கிறது. நம் ஆட்டத்தின் விதிப் புத்தகம். அச்சுக்குப் போகும் முன் நான் பார்த்துத் தர வேண்டிய மாதிரிப் பிரதி. பிரித்ததும் மை வாடை மூக்கில் ஏறியது. அதைப் பொறுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு குத்துவிளக்கு, இரண்டு ரோஜா, நடுவில் உன் பெயர், கீழே 'எங்கள் அன்புத் திருடிக்குச் சமர்ப்பணம்'. என் தம்பியும் அவன் சிநேகிதனும் சேர்ந்து செய்த வேலை. முப்பத்தொன்றாம் பக்கத்தில், உன்னை மட்டம் தட்ட அவர்கள் கேட்டு வாங்கிய விதி ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது. அடிப்பதும் அவர்கள்தான், மாலை போடுவதும் அவர்கள்தான். சீ என்று இருக்கிறது.

சீசன் முடிந்து குற்றாலத்தில் எங்கள் லாட்ஜ் காலியானதும், ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் நாலு பேரும் உட்காருவோம். வாயாலேயே கதை சொல்லி, ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடுகிற ஆட்டம். கதை நடத்துகிறவள் நான். கோட்டை, காவல், பொறி எல்லாம் என் நோட்டில் இருக்கும். அதற்குள் நுழைகிற ஆட்கள் நீங்கள் மூவரும். போலீஸ்காரத் தம்பி போர்வீரன். புளியறை செக்போஸ்ட்டில் வாரமெல்லாம் நின்ற எரிச்சலை வாளால் தீர்ப்பான். அவன் சிநேகிதன் மந்திரவாதி. நீ திருடி. தென்காசி கூரியர் ஆபீசில் ஆறு நாள் அடுத்தவர் பார்சலைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திருட வருவாய்.

உன் திருடிக்கு உடம்பில் வலு கிடையாது. இரண்டு அடி வாங்கினால் விழுந்துவிடுவாள். ஆனால் நீ கேள்வி கேட்பாய். ஒரு ஞாயிறு கோட்டை வாசலில் பன்னிரண்டு காவலர்களை நிறுத்தி வைத்திருந்தேன். தம்பி வாளை உருவிவிட்டான். நீ டீயை உறிஞ்சிக்கொண்டே, "இத்தன பேருக்கும் மத்தியானச் சோறு யாரு கொண்டு போறா?" என்று கேட்டாய். அதையெல்லாம் நான் யோசித்திருக்கவில்லை. சமையல்காரி ஒருத்தி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவளுக்குக் கூடமாட வேலை செய்து, சாம்பார் வாளியோடு உள்ளே போய், சாவியோடு வெளியே வந்தாய்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "இது அநியாயம்க்கா. நாங்க வாசல்ல நிக்கோம், இவிய சாம்பாரத் தூக்கிட்டு உள்ள போயிருதாவ."

"நீ போன நோண்டிக்கிட்டு இருந்தா அதுக்கு நான் என்னலே செய்ய?" என்றாய்.

நியாயமான கேள்வி. அவர்கள் பதிலுக்கு விதி கேட்டார்கள். திருடன் என்கிற வேஷத்துக்குப் பலம் அதிகம், பேலன்ஸ் பண்ண வேண்டும் என்று மந்திரவாதி ஒரு மணி நேரம் பேசினான். திருடி பொறியைத் தேடினால், எங்கே எப்படித் தேடுகிறாள் என்று விளக்கினால் இனி போதாது. காலண்டர் அட்டையை மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் இருபது முகப் பகடையை நான் உருட்ட வேண்டும். பதினைந்துக்குக் குறைந்தால் பொறி கண்ணில் படாது. என்ன விழுந்தது என்று யாருக்கும் சொல்லக் கூடாது. காது கொடுத்துக் கேட்கிறவளை, கேட்காதவர்களின் மட்டத்துக்கு இழுத்து இறக்கிவிட்டு அதற்குச் சமநிலை என்று கௌரவமாக ஒரு பெயரும் வைத்தோம்.

அவர்களை மட்டும் திட்டி என்ன? விதியை எழுதியது என் கை. வாரம் முழுக்க உட்கார்ந்து நான் கட்டுகிற கோட்டையை நீ ஒரு கேள்வியில் கவிழ்ப்பது எனக்கும் உள்ளூர எரிந்தது.

அடுத்த ஞாயிறே கதையில் அந்தப் பெட்டி வந்தது. நீ குனிந்து, மேசையையே பெட்டியாக நினைத்து விரலால் தடவித் தடவிச் சொன்னாய்: கீலைப் பார்க்கிறேன், பூட்டுத் துவாரத்தில் ஈர்க்குச்சி விடுகிறேன், அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தடவுகிறேன். அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினேன். "ஒண்ணும் தெரியல" என்றேன். நீ திறந்தாய். விஷ ஊசி. திருடி செத்தாள். தம்பி கை தட்டினான். நீ அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "சரி ஏட்டி, நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தாய். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் நீ வரவில்லை. நானும் போன் செய்து கூப்பிடவில்லை.

மஞ்சள் காமாலை முற்றித் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோதுதான் வந்தேன். கண் இரண்டும் மஞ்சளாக, கை குச்சியாக இருந்தாய். "ஆட்டம் நடக்கா?" என்றாய். நடக்கு என்றேன். "அன்னைக்கு எத்தன விழுந்துச்சு? இப்பமாவது சொல்லு" என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். பன்னிரண்டு என்றேன். "அப்பம் சரி" என்றாய். நாலாம் நாள் நீ போய்விட்டாய்.

இன்று காலை அந்தச் சமர்ப்பணப் பக்கத்தைக் கிழித்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் விதியை அடித்து, ஓரத்தில், 'எந்தப் பகடையும் மேசையில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் விழ வேண்டும்' என்று எழுதினேன். தம்பி சண்டைக்கு வந்தான். "அவிய பேரு இருந்தாத்தானக்கா மரியாத. ரூலு வேற, நெனப்பு வேற." அப்போதுதான் அவனிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான். "இவ்வளவுதானா? வெறும் கேமுதானக்கா." சீருடையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டான். அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. குளியலறைக் கண்ணாடியில் என்னைப் பார்க்க அதைவிடப் பிடிக்கவில்லை.

அவனிடம் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது இன்னும் கேவலம். நாலு வாரத்துக்கு நான் எழுதி வைத்திருந்த கதை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. உயிரோடு திறந்திருந்தால் ஒரே மத்தியானத்தில் அதை முடித்திருப்பாய்.

பதினெட்டு விழுந்தது, ஏட்டி.