ஜோஸ்லின் ஸ்வெட்டர்

ஏப்ரல் 20, 1995, வியாழன்

பள்ளிக்கூடம் இன்றோடு மூடியாயிற்று. ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினேன். தெருமுனையில் சாக்கடைப் பாலத்துக்குத் தோண்டிய குழி அப்படியே கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் தோண்டியது. காண்ட்ராக்டர் போட்டுவிட்டுப் போன பலகை மேல் குடையும் பையுமாக ஏறி இறங்கித்தான் வரவேண்டியிருக்கிறது.

எதிர் வீட்டு வாசலில் செல்லக்கனி அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, கீரைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தப் பாலம் எங்க முடியப் போவுது? ஜோஸ்லின் ஸ்வெட்டராட்டந்தான்." என்னைப் பார்த்ததும், "வா கண்ணு, இந்த வெயில்லயா வாரே" என்று மோர் கொடுத்தார். குடித்தேன். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். மோர் நன்றாக இருந்தது.

கல்யாணமான வருடம் என் வீட்டுக்காரருக்கென்று ஆரம்பித்த மெரூன் ஸ்வெட்டர் அது. முன்பக்கமும் பின்பக்கமும் முடித்தேன். கை போடுவதற்குள் ஸ்டீவ் வயிற்றில் வந்துவிட்டான். இப்போது ஸ்டீவ் பிளஸ் ஒன் போகப் போகிறான், அவனுக்கு மீசையே வந்துவிட்டது. ஸ்வெட்டருக்குத்தான் இன்னும் கை வரவில்லை. அண்ணி என்றைக்கோ விளையாட்டாகச் சொன்னது சபை முழுக்கப் பரவிவிட்டது. நின்றுபோன கல்யாணப் பேச்சு, கூரை போடாத வீடு, எல்லாமே ஜோஸ்லின் ஸ்வெட்டர்.

ஏப்ரல் 23, ஞாயிறு

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

இன்று போதகர் ஞானாபரணம் ஐயர், பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டு, பரிசுத்த வேதாகமத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சொல்கிறார்: "நம்மில் சிலருடைய விசுவாசம் ஜோஸ்லின் ஸ்வெட்டரைப் போல இருக்கிறது. உடல் உண்டு, கை இல்லை."

சபை சிரித்தது. பாடகர் குழு சிரித்தது. என் புருஷன் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, அதை இருமலாக மாற்றினார்.

ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு. ஐயருக்குக் குன்னூருக்கு மாற்றலாம். மே கடைசி ஞாயிறு பிரிவு உபசாரம். மாதர் சங்கத்தில் யார் என்ன கொடுப்பது என்று பேச்சு வந்தது. ஒருத்தர் சுவர்க் கடிகாரம் என்றார், இன்னொருத்தர் எவர்சில்வர் அடுக்கு என்றார். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன்? "குன்னூரு குளுருங்க. நான் ஐயருக்கு ஸ்வெட்டர் தாரேன். கையோட தாரேன்" என்றேன். கைதட்டினார்கள். சீக்காளி எழுந்து நடந்தால் தட்டுவார்களே, அந்தத் தட்டு.

போட்டுக்கொண்டு நிற்கட்டும் குன்னூரில். ஒவ்வொரு குளிருக்கும் என்னை நினைக்கட்டும்.

ஏப்ரல் 24, திங்கள்

டிரங்குப் பெட்டியை இறக்கினோம். ஸ்வெட்டரை அந்துப்பூச்சி அரிக்கவில்லை. கடவுளுக்குக் கூட இதில் ஏதோ எண்ணம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குப் போட்டுப் பார்த்தோம். தலை நுழைந்தது, வயிறு ஒப்பவில்லை. ஐயர் ஒல்லி, அவருக்குச் சரியாக இருக்கும். பெட்டிக்குள் ஸ்டீவ் பிறப்பதற்கு முன் பின்னிய குட்டி சாக்ஸும் இருந்தது. ஒற்றைக் கால்.

ஊசி மட்டும் இல்லை. எட்டாம் நம்பர் ஊசி இரண்டும் எங்கேடா என்று ஸ்டீவைக் கேட்டால் மேலே பார்க்கிறான். டி.வி. ஆன்டெனாவில் கட்டியிருக்கிறானாம். "அதை எடுத்தா மேட்ச் தெரியாதும்மா."

"அது கெடக்குட்டும் உடு. எத்தனாம் நம்பருன்னு சொன்னே, எட்டா?" என்றார் என் வீட்டுக்காரர் ஜெபமணி. ஆவாரம்பாளையத்தில் பம்ப்செட் பட்டறை ஃபோர்மேன். உலகத்தில் எது உடைந்தாலும் லேத்தில் சரியாகிவிடும் என்பது அவருடைய விசுவாசம்.

ஏப்ரல் 26, புதன்

பெரிய கடைவீதியில் ஜபருல்லா பாய் கடை. கம்பளி நூல் என்றதும் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். "இந்த வருசக் கோடையில கம்பளி கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க டீச்சர். ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?"

பழைய மெரூனை மேசையில் விரித்தேன். அவர் ஒவ்வொரு நூற்கண்டாக வைத்துப் பார்த்து, கடைசியில் கத்திரிக்காய் நிறத்துக்கும் மெரூனுக்கும் நடுவில் ஒன்றை எடுத்தார். "ரெண்டு எட்டு தள்ளி நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க." தள்ளி நின்றேன். தெரிந்தது. வாங்கிவிட்டேன். ஊசியும் வைத்திருந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். பட்டறையில் கம்பியை ஏற்கெனவே லேத்தில் பூட்டியாயிற்றாம்.

ஏப்ரல் 28, வெள்ளி

ஊசி வந்தது. துருப்பிடிக்காத எஃகு. முகம் பார்க்கலாம், அவ்வளவு பாலிஷ். பம்ப்பின் மேல் கம்பெனி பெயர் அடிப்பதைப் போல, தலைப்பில் ஜோஸ்லின் என்று அடித்திருக்கிறது. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்ததாம்.

என் சுண்டுவிரல் பருமன் இருக்கிறது. "ஏனுங்க, மொத்தமா இருக்குதுங்களே" என்றேன்.

"எட்டுன்னே. எட்டே எட்டு எம்எம். மைக்ரோமீட்டர்ல பாத்துட்டேன். ஒரு முடி பிசகாது அம்மணி."

எட்டாம் நம்பர் இவ்வளவு மொத்தமா? இத்தனை வருடத்தில் எனக்குத்தான் மறந்துபோயிற்றோ? பெயரெல்லாம் அடித்துக்கொண்டு வந்து நிற்கிற மனிதரிடம் என்னவென்று சொல்ல? ஆரம்பித்துவிட்டேன்.

மே 1, திங்கள்

பட்டறை லீவு. ஆகையால் என்னை ஊக்குவிக்க மூன்று பேர்.

அவர் பட்டறையிலிருந்து புரொடக்ஷன் சார்ட் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். மதியம் நான் தட்டில் கை வைத்ததும் "ஷிஃப்ட் பிரேக்" என்று எழுதினார். ஸ்டீவ் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் கமென்டரி சொன்னான்: டீச்சர் அடுத்த வரிசைக்கு வருகிறார், கண்ணி தவறுகிறது, கூட்டம் பெருமூச்சு விடுகிறது. அண்ணி சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் பத்து நிமிடம் ஜெபித்தார். மழை வேண்டுமென்று ஒரு வரி. மீதி எல்லாம் ஸ்வெட்டர். "ஆண்டவரே, ஆரம்பித்தவர் முடிக்கவும் வல்லவர்" என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

கரண்ட் வேறு இல்லை. மடியில் கம்பளி. வியர்வை முழங்கால் வரைக்கும் ஓடுகிறது. குன்னூரில் குளிரப் போவது ஐயருக்கு, இங்கே வேகிறது எனக்கு.

மே 5, வெள்ளி

இன்று பின்னியது ஒரு சாண். அவிழ்த்தது ஒன்றரைச் சாண்.

மே 9, செவ்வாய்

ஒரு கை முடிந்தது. ஆமாம், முடிந்தது. இவ்வளவு வேகமாக நான் எதையும் பின்னியதில்லை. அண்ணி ஓடிவந்து ஸ்தோத்திரம் சொன்னார். அவர் சார்ட்டில் சிவப்பு மையால் கோடு போட்டார். ஸ்டீவ் கையை மாட்டிப் பார்க்கிறேன் என்றான்.

மாட்டினான். உள்ளே கையோடு இன்னொரு கையும் போகிற அளவுக்கு இடம் இருந்தது. பிறகு காலை விட்டான். கால் சரியாக இருந்தது. துணி முழுக்கக் கண் கண்ணாக ஓட்டை. அந்தப் பக்கம் அண்ணி நிற்பது தெரிகிறது.

அப்போதுதான் சொன்னேன். நம்பர் ஏற ஏற ஊசி மெலியுமுங்க என்று. அவர் ஒப்பவே இல்லை. "அதெப்படி மெலியும்? நம்பரு ஏறுனா சைசு ஏறோணும். போல்ட்டு அப்பிடித்தான், பைப்பு அப்பிடித்தான், செருப்பு அப்பிடித்தான்."

"மோட்டார் சுத்தற செப்புக் கம்பி எப்பிடீங்க?"

செப்புக் கம்பிக்கும் கேஜ் நம்பர் ஏற ஏற மெலியும், தினமும் அதைச் சுற்ற வைக்கிறவர் அவர். ஸ்டீவை ஓட்டின் மேல் ஏற்றி, ஆன்டெனாவிலிருந்து பழைய ஊசியை அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னார். மைக்ரோமீட்டரில் வைத்தார். நாலு. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பிடின்னா மொதல்லயே கேஜுன்னு சொல்லியிருக்கோணும்" என்றார். இப்போது டி.வி.யில் ஒன்றும் தெரியவில்லை. நாலு பேரும் புள்ளி புள்ளியாக ஓடுகிற திரையைப் பார்த்தபடி சாப்பிட்டோம்.

மே 10, புதன்

அவிழ்க்கவா? அவிழ்த்தால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அடுத்த கையையும் அதே எட்டு எம்எம்மில் போட்டுவிடுவது என்று முடிவு. தப்பாவது ஜோடியாக இருக்கட்டும்.

மே 16, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது.

ஐயர் வீடு வீடாக விடைபெற்று ஜெபித்து வருகிறார் என்று தெரியும், இன்றைக்கு வருவார் என்று தெரியாது. வாசலில் குரல் கேட்டதும் பின்னலைச் சோபா மெத்தைக்குக் கீழே திணித்தேன். ஐயர் நேராக வந்து அதன் மேலேயே உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். "யாத்தே" என்றார். போதகர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. கையை மெத்தைக்குள் விட்டு எஃகு ஊசியை இழுத்தார். கூடவே பாதிக் கை தொங்கிக்கொண்டு வந்தது. தலைப்பில் இருந்த பெயரைப் படித்தார். பின்னலைப் பார்த்தார். மறுபடி பெயரைப் படித்தார்.

"டீச்சரம்மா... உங்க பேரு ஜோஸ்லினா?"

வந்த நாளிலிருந்து என்னை டீச்சரம்மா என்றே கூப்பிட்டவர். சபைப் பதிவில் நான் திருமதி ஜெபமணி. ஆமாங்க என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஜோஸ்லின்னு நெசமாவே ஒரு ஆளு உண்டா? நான் பாளையங்கோட்டைக்காரன். இங்க எல்லாரும் சொல்லுதாவளேன்னு, இது கோயமுத்தூர்ப் பக்கத்துப் பழமொழின்னுல்லா நெனச்சேன். ஈரோட்டு கன்வென்ஷன்லகூட சொல்லிட்டு வந்துட்டனே."

ஈரோட்டிலுமா.

அவர் மன்னிப்புக் கேட்டார். ஜெபிக்கிறபோதும் கேட்டார். அண்ணி காபி கொண்டுவந்தவர், அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மே 17, புதன்

கோபம் போய்விட்டது. தேடிப் பார்த்தேன், துளி இல்லை. மனிதர் வேண்டுமென்று சொல்லவில்லை. இனி எதை வைத்துப் பின்னுவது? இத்தனை நாளும் ஒவ்வொரு கண்ணியையும் கோபத்தில்தான் எடுத்துப் போட்டேன்.

மே 22, திங்கள்

மாற்றல் மாறிவிட்டது. குன்னூர் இல்லை, பல்லடமாம்.

பல்லடத்து வெயிலுக்குப் பண்ணைக் கோழிக்கே கோணிச் சாக்கை நனைத்துக் கட்டுகிறார்கள். அங்கே கம்பளி ஸ்வெட்டர்.

வீடு முழுக்க ஒரே நாளில் கட்சி மாறிவிட்டது. "உட்டுப்போடு கண்ணு, இனி எதுக்கு? நாம ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக் குடுத்துப்போடலாம்" என்றார் அண்ணி. ஸ்டீவ் கமென்டரியை நிறுத்திவிட்டான். அவர் சார்ட்டைச் சுவரிலிருந்து உரித்து மடித்து வைத்தார். ரொம்ப அன்பாகத்தான் செய்தார்கள். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று பேரும் இதற்குத்தான் காத்திருந்தது போல, எனக்கு ஒரு நல்ல சாக்குக் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டது போல இருந்தது.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க. பெட்டியைத் திறந்து உள்ளேகூட வைத்துவிட்டேன். அந்த ஒற்றை சாக்ஸ் மேலேயே கிடந்தது. ச்சே. மறுபடி வெளியே எடுத்துப்போட்டேன். குன்னூராவது, பல்லடமாவது. நாஞ் சொன்னது ஸ்வெட்டர். கையோட.

மே 27, சனி

தைத்து முடித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், அப்புறம் இஸ்திரி போட்டேன்.

மே 28, ஞாயிறு

பிரிவு உபசாரம். ஐயருக்கு வந்த சுவர்க் கடிகாரம் ஏழு. என் பொட்டலம் கடைசி. மேடையில் பிரித்தார். உடம்பு மெரூன், கை கத்திரிக்காய். கை இரண்டும் தலையணை உறை. பின் வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள்.

ஐயர் அங்கியைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். மே மாத மத்தியானம், தகரக் கூரை. ஸ்வெட்டரின் உடம்பு அவருக்கு அளவெடுத்தது போல இருந்தது. கையைத் தூக்கியபோது மின்விசிறிக் காற்று அடித்து இரண்டு கையும் உப்பிக்கொண்டு நின்றது. மைக்கில் சொன்னார்: "கை நல்ல காத்தோட்டமா இருக்கு. பல்லடத்துக்குத் தோதுதான். இன்னொரு காரியம். ஜோஸ்லின் ஸ்வெட்டர் முடியலைன்னு இனிமே யாரும் சொல்லப்படாது. நான் போட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க. ஈரோட்டுக்கும் இதைப் போட்டுக்கிட்டே போயிச் சொல்லிட்டு வருதேன்."

சாப்பாடு பந்தி முடியும் வரை அவர் கழற்றவில்லை. ரசம் ஊற்றும்போது கையை அவர் மனைவி ஐயரம்மா தூக்கிப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை. போதுமுங்க ஐயரே, கழட்டிருங்க என்று நானே போய்ச் சொன்னேன். "இருக்கட்டும் ஜோஸ்லினம்மா" என்றார்.

ஜூன் 14, புதன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஆன்டெனாவுக்கு எட்டு எம்எம் ஊசியைக் கட்டியிருக்கிறோம். டி.வி.யில் மெட்ராஸ் ஸ்டேஷன் தெளிவாகத் தெரிகிறது. நாலு எம்எம் ஊசி என்னிடம் வந்தது. சாக்ஸுக்கு இன்னொரு கால் பின்னுகிறேன். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் வந்தால் தெருமுனைப் பாலம் முடிந்திருக்கிறது. சிமெண்டுப் பலகை இரண்டு பக்கமும் சாலைக்குள் முழம் முழமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அளவை எவனோ மாற்றிக் கொடுத்திருக்கிறான். அண்ணி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரு கண்ணு, அப்பிடியே ஜோஸ்லின் ஸ்வெட்டராட்டம்."

"முடிஞ்சதுக்குச் சொல்றீங்களா அண்ணி, நீட்டிக்கிட்டு நிக்கறதுக்கா?"

"ரெண்டுக்குந்தான்" என்றார்.

பாலத்தின் மேல் நடந்து போய்ப் பால் வாங்கி வந்தேன்.