சத்தமே போடாத உன் அண்ணி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு. அண்ணிக்குப் பெண் பிறந்ததை அண்ணன் போனில் சொல்லியிருப்பான். இரண்டே முக்கால் கிலோ, மூக்கு அப்படியே உன் அப்பாவுடையது, பாவம். அவன் சொல்லாதது ஒன்று இருக்கிறது. நாலு நாளாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்குகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பிரசவ வார்டில் ஆயாவாக இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். வேலை முடிந்து வந்ததும் அன்றைக்கு எவள் எப்படிக் கத்தினாள் என்று நான் நடித்துக் காட்டுவதும், நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பதும் உனக்குத் தெரியாததா. "அப்ப இனிச்சுதா, இப்ப கத்துற" என்று நாங்கள் வாயை அடைத்ததையும் சேர்த்தே சொல்வேன். அண்ணியும் கூடச் சிரித்தாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன திங்கட்கிழமை விடிந்ததுமே அவளுக்கு வலி எடுத்திருக்கிறது. நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். பனிக்குடம் உடைந்த பிறகுதான் அண்ணன் எங்கள் வார்டுக்குக் கூட்டி வந்தான். இன்னும் நேரமாகும் என்று நானும் என் வேலையில் இருந்துவிட்டேன். வார்டில் எட்டுக் கட்டில், பதினாலு பேர், சத்தம் போடாதவளை யார் எட்டிப் பார்ப்பார்கள்? தரை துடைக்கப் போன நான்தான் தற்செயலாகப் பார்த்தேன், குழந்தையின் தலை வெளியே தெரிந்தது. பெரிய நர்ஸ் ஓடி வந்து பிடித்தார், தாமதித்திருந்தால் என்னவாகியிருக்குமோ. "பொண்ணுன்னா இப்படி இருக்கணும், ஒரு சத்தம் உண்டா பாரு" என்று அவர் சொன்னபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு முகம் துடைக்கப் போனால் வாய்க்குள் துணியைத் திணித்து வைத்திருக்கிறாள், உதடெல்லாம் பல் பட்டு ரத்தம். ஏன்டி இப்படிச் செய்தாய் என்றேன். "நான் கத்துனா சாயங்காலம் வீட்ல நடிச்சுக் காட்டுவீங்களே அத்தை" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு பெண் கத்தினாள், பழக்கதோஷத்தில் என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் பிடித்த பிடியில் விரல் இன்னும் வலிக்கிறது. "உனக்கு என்ன ஆச்சு, போய் வேலையைப் பாரு" என்றார் பெரிய நர்ஸ். இதுவும் வேலைதான் என்று பிடித்த கையை விடாமல் நின்றேன்.

அண்ணி என் வார்டுக் கதையை மூன்று வருடம்தான் கேட்டாள், நீ பிறந்ததிலிருந்து கேட்டவள். கவுனுக்குள் தலையணையை வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து நடித்தவள். இப்போது எட்டாவது மாதம், எப்போது கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா, நல்லாருக்கேன்" என்கிறாய். அன்று காலையில் அண்ணியும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள்.

இரும்பு மாத்திரையை மறக்காதே, பிரசவத்தின்போது மாப்பிள்ளையை உள்ளே விடச் சொல்லிக் கேள். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்துக் கிடக்க வேண்டும், வேறு ஆசை எனக்கில்லை. வலித்தால் உடனே சொல், வாய்விட்டுக் கத்து. அங்கே எவளாவது வாயை மூடு என்று அதட்டினால், அவளும் உன் அம்மாவைப் போல ஒருத்திதான். அவள் பேச்சைக் கேட்காதே.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா