மதில் முடிந்தது என்று எழுதிய தலைவருக்கு

நெளியாறு தன் கரைக்குள் அடங்கி நடக்க, அதன் இருபுறத்து ஊர்களும் உண்டு உடுத்து உறங்கி எழத் தெண்புனல் நாட்டை ஆண்டருளும் அருமணித் தேவியார், ஆற்றுமுக மாளிகையில் வீற்றிருந்து வாய்மொழியாக அருளிச்செய்ய, ஓலைநாயகம் பொன்னிலன் எழுதியது. கல்லேற்றுக் கோட்டையின் காவற்றலைவர், சமவெளி நாட்டுக் குதிரைப்படையில் பேர்பெற்றவர், கீரங்கொற்றனார் காண்க. உம் வாளும் உம் வீரரும் உம் அடுக்களை நெருப்பும் நலமாக இருக்க. கோட்டைக்குக் கீழே விளையும் தினையும், மேலே மேயும் ஆடும், இரண்டுக்கும் நடுவே நடக்கும் மனிதரும் நலமாக இருக்க.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தித் தெற்கு வாயிலைத் திறக்கச் சொல்லும். வெளியே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருப்பவள் நல்லெயினி. அவளை உள்ளே அழைத்துக் குடிக்க மோர் கொடுக்கச் செய்யும். மிச்சத்தை அதன்பின் படிக்கலாம். ஓலை எங்கும் ஓடிவிடாது; அவளுக்குத்தான் பொழுது ஓடிக்கொண்டிருக்கிறது.

திறந்தாயிற்றா? நல்லது. இனிக் கேளும்.

நல்லெயினி மூங்கில்துறைக்காரி. எள்ளும் கேழ்வரகும் விதைத்துப் பிழைக்கும் குடியில் பிறந்தவள், கணவன் இல்லை, சேந்தி என்று ஒரே மகள். அந்த மகளை உம் கோட்டைக்கு அப்பால், மலைமுதுகு தாண்டித் தேன்பள்ளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். சேந்திக்கு இருமுறை பிள்ளை பிறந்து இருமுறையும் தங்கவில்லை. முதல் தடவை ஆற்றில் வெள்ளம், மறு தடவை நல்லெயினிக்கே காய்ச்சல். இரண்டு முறையும் நல்லெயினி போய்ச்சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு பெருக்கியிருந்தார்கள். இப்போது சேந்திக்கு மூன்றாவது. உப்பு விற்று வருகிறவர்களிடம் அவள் சொல்லியனுப்பிய சொல் இது: “எங்க ஆத்தா வந்து என் கையப் புடிச்சாத்தான் எனக்குத் தைரியம். இந்த வாட்டி பிந்திறாதன்னு சொல்லுங்க.”

ஆகவே நல்லெயினி இம்முறை மாதம் நிறையுமுன்பே கிளம்பினாள். சுக்கும் திப்பிலியும் பெருங்காயமும் ஒரு முடிச்சு. பிள்ளையைப் பொதிய, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழஞ்சேலை ஒன்று. மூட்டை தூக்கத் துணையாக அவள் தம்பி, ஓடக்காரன் அழிசி, கூட வந்தான்.

அவர்கள் வந்த வழியை நீர் கோட்டையின் மேலிருந்து பார்த்திருப்பீர், நடந்திருக்க மாட்டீர். மூங்கில்துறையிலிருந்து ஆற்றோரம் மருத நிழலிலேயே வரலாம். பாழிக்குடியில் பழைய அரண்மனை இடிந்து படிக்குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எந்தக் காலத்து அரசரோ நீராடிய படிகளில் இன்று ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன. ஊர்வாசலில் போரில் பட்டவர்களின் நடுகற்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் முகத்துத் தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் வழிநடப்பவர் அப்பால் போவர். அதன்பின் பள்ளத்தாக்கு ஒடுங்கும், ஆறு இரையும், பேச்சு காதில் விழாது. அங்கே கல்துறை.

கல்துறையின் வழக்கத்தை நீரும் அறிவீர். கோட்டை வழியே அப்பால் போகிறவர் எவராயினும், அங்கே ஆற்றில் இறங்கி, தம் கையால் தூக்க முடிந்த கல் ஒன்றைத் தாமே எடுத்து, மலையேறிவந்து மதிலடியில் வைக்க வேண்டும். வைத்தவருக்கு வாயில் திறக்கும். பிறர் எடுத்துக் கொடுக்கலாகாது, கூலிக்குத் தூக்கவும் ஆகாது. உம் கோட்டை முழுவதும் அப்படி வந்த கல்தான். கல்யாணத்துக்குப் போனவர், சாவுக்குப் போனவர், கோபித்துக்கொண்டு தாய்வீடு போனவர், சமாதானமாகித் திரும்பி வந்தவர் என்று எல்லாருடைய கல்லும் அதில் இருக்கிறது.

நல்லெயினி கல் தேடுவதைப் பார்த்து அழிசி கேலி செய்தானாம். “அக்கா, சின்னதா ஒண்ணப் பொறுக்கிட்டு வா. ஒங் கல்ல நம்பியா அந்த மதிலு நிக்குது?”

“போடா. நாளைக்கு எம் பேரப்புள்ள இந்த வழியா நடந்து வாரப்ப, இது ஒனக்காகத் தூக்கின கல்லுன்னு காட்ட வேணாமா? அதுக்குக் கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்கணும்ல.”

அப்படிச் சொல்லி, ஒரு பெரிய பூசணிக்காய் அளவு கல்லை எடுத்துச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டாள். வழியில் மூச்சு வாங்கியபோது தம்பியிடம் தரவில்லை. ஆனால் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டினால் ஏற்றம் தெரியாது என்று அவள் கணக்கு.

வாயிலில் நின்ற உம் வீரனும் அவளும் பேசிய பேச்சை அழிசி தேவியார் முன் நடித்தே காட்டினான். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதச் சொன்னார்.

“ஆத்தா, மதிலு முடிஞ்சுபோச்சு. இனிமே கல்லும் வேணாம், கல்லு தூக்குற ஆளும் வேணாம். திரும்பிப் போ.”

“முடிஞ்சுபோச்சா? எவன்டா முடிச்சான்?”

“தலைவருதான். வடமூலைல ஓட்டையாக் கெடந்துச்சே, அத அடைச்சிட்டாரு.”

“அத ஏன்டா போயி அடைச்சாரு? அடைக்கிறதுக்கா அத விட்டு வச்சிருந்தோம்?”

“மெதுவாப் பேசு ஆத்தா, அவரு காதுல விழுந்திரப் போவுது.”

“விழட்டும். பின்ன நா எதுக்குக் கத்துறேன்? இந்தக் கல்ல எங்கடா வைக்கச் சொல்லுற?”

“ஏன், என் தலைல வையி.”

“வச்சிருவேன். உள்ள எடம் நெறையக் கெடக்கு.”

உள்ளே இருந்த வீரர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்றவனும் சிரித்துவிட்டான். ஆனாலும் திறக்கவில்லை. திறந்தால் அவன் வேலை போகும் என்று நல்லெயினிக்கும் தெரியும். அதன்பின் அவள் வாதாடவில்லை. கல்லைத் தரையில் இறக்கினாள், அதன்மேல் உட்கார்ந்தாள். தம்பியைப் பார்த்து, “நீ போயி யாருகிட்டயாவது சொல்லு. நா இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்” என்றாள். சுற்றிப் போவதற்கு நரிக்கணவாய் இருக்கிறது. அது சேந்தியின் நாள் தாண்டிவிடும் தூரம். பிந்திப்போய்ப் பெருக்கிய வீட்டைப் பார்க்க மூன்றாம் முறையும் தன்னால் ஆகாது என்றாளாம். அதைச் சொல்கையில் மட்டும் அவள் குரல் இறங்கிப்போயிற்று என்றான் அழிசி.

அவள் கத்தியது உமக்கு ஏன் அப்போது கேட்கவில்லை என்றால், நீர் வடமூலையில் மதில் முடித்த விழாவுக்குப் பொங்கலிட்டுக்கொண்டிருந்தீர்.

அழிசி கீழே ஆற்றில் ஓர் ஓடம் வாங்கி, வெள்ளத்தோடு விட்டு இங்கே வந்துசேர்ந்த பொழுதில்தான் உம் ஓலையும் வந்தது. முன்னோர் பலர் முடிக்காததை முடித்தேன், வாயிற்கல்லில் பொறித்த ஆணைப்படி வாயிலையும் அடைத்தேன் என்று மகிழ்ந்து எழுதியிருந்தீர். பொறித்த ஆணை அப்படித்தான் சொல்கிறது; மறுப்பார் இல்லை. மதில் முற்றுப்பெறும் நாள்வரை கல் கொணர்வார்க்கு வாயில் அடையாதிருக்க. முற்றியபின் படைவீரர்க்கு மட்டும் திறக்க. பகைக்கு அஞ்சிய காலத்தில் எழுதிய வரி அது.

கீரங்கொற்றனாரே, ஒன்றைச் சிந்தித்துப் பாரும். இத்தனை தலைமுறை இத்தனை பேர் கல் சுமந்தும், ஒரு மூலை மட்டும் எப்படி முடியாமலே கிடந்தது? உமக்கு முன்னிருந்த தலைவர்கள் சோம்பேறிகள் அல்லர். வைக்கும் கல்லை அவர்கள் தெற்கே அடுக்கினார்கள், மேற்கே உயர்த்தினார்கள், குதிரைக்குத் தொட்டி கட்டினார்கள். வடமூலைக்கு மட்டும் எவரும் போகவில்லை. ஒரு ஆள் கையை நீட்டும் அளவு திறந்த அந்த இடத்தால்தான் மதில் முற்றாமலும் வாயில் அடையாமலும் இருந்தது; அதனால்தான் இரண்டு பள்ளத்தாக்கும் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து, பெண் எடுத்து, உப்பும் தேனும் மாற்றி வாழ்ந்தன. பாழிக்குடிக்காரர் அறிவர், தேன்பள்ளத்தார் அறிவர். தேவியாரின் மாமனார் அறிவார், மறைந்த மன்னரும் அறிவார். அறிந்தும் அறியாதவர்போல் இருந்தனர். ஒரு நாடு நடப்பதற்கு அதுவும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

உமக்கு எவரும் சொல்லவில்லை. அரசரின் மதிலை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டோம் என்று ஊரார் உம்மிடம் எப்படி வாய்திறப்பர்? பயந்தார்கள், பயந்துகொண்டே நீர் கேட்ட கல்லையும் தூக்கித் தந்தார்கள். நீரும் மற்றவரோடு சேர்ந்து கல் சுமந்ததாகவும், உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துப்போனதாகவும் அழிசியே சொன்னான். “நல்ல மனுசன்தான் தாயே, வெவரம் தெரியல” என்பது அவன் சொல். தேவியாருக்கும் உம்மீது கோபம் இல்லை. கடமையைக் குறைவறச் செய்தவரை எந்த வாயால் கடிவது? அந்தக் கொப்புளத்துக்கு வேப்பெண்ணெய் தடவும்.

இனி ஆணை.

வடமூலையில் நீர் வைத்தவற்றுள் மேல்வரிசையை நீரே இறக்குக. ஆள் விட்டு இறக்கலாகாது. இறக்கிய இடத்தை இனி வரும் எத்தலைவரும் நிரப்பலாகாது. ஏன் என்று கேட்பவருக்கு இவ்வோலையைப் படித்துக்காட்டுக. வாயிற்கல்லின் வரியைத் திருத்த வேண்டா. அதைத் திருத்தினால் கல் சுமக்கும் வழக்கமும் போய்விடும். கல் சுமந்தவருக்கே அம்மதில் தம்முடையது என்று தோன்றும். வாயிலில் நின்ற வீரனைத் தண்டிக்க வேண்டா, சிரித்ததற்காகவும் வேண்டா.

இவை எல்லாம் நாளை செய்வன. இன்று செய்வது ஒன்றே. மோர் குடித்து முடித்ததும் நல்லெயினியை உம் குதிரையில் ஏற்றி, கடிவாளத்தை நீரே பிடித்து, மலைமுதுகு தாண்டித் தேன்பள்ளம்வரை நடந்து செல்க. சரிவில் ஊற்றுநீர் கசிகிற இடத்தில் கல் வழுக்கும். குதிரையை இடப்பக்கமாக நடத்துக. அவள் வழியெல்லாம் உம்மைத் திட்டக்கூடும். கேட்டுக்கொள்ளும்.

மதிலைக் குறித்து மறுமொழி எழுத வேண்டா. சேந்தி வீட்டு வாசலில் நின்று, ஆத்தா வந்துவிட்டாள் என்று ஒரு வரி மட்டும் எழுதியனுப்பும். அதற்குமேல் அந்த வீட்டுக்குள் நடப்பது எந்த அரசாணைக்கும் கட்டுப்பட்டதன்று. அதற்காகத் தேவியாரும் மற்றப் பெண்களைப்போல் கும்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்.

ஆற்றுமீன் முத்திரை இட்டது. தேவியார் தம் கையால் கீறியது.