கையா, மெஷினா?

ஆகஸ்ட் 12, 2007 – ஞாயிறு

பொம்மைக் கிரேனுக்குச் செய்கிற மோட்டார்த் தட்டில் இன்றும் துளை சேரவில்லை. ஒரு போல்ட் போகிறது, அடுத்தது நுழையவே மாட்டேன் என்கிறது. இதோடு எத்தனை தட்டு வீணாகிவிட்டது என்று எண்ணக்கூடப் பிடிக்கவில்லை.

கடையில் வாங்கிய மோட்டாரில் துளைக்குத் துளை ஐம்பது மில்லிமீட்டர். வீட்டுக் கொட்டகையில் இருக்கிற மில்லிங் மெஷின் டயலில் ஒரு சுற்றுக்கு இரண்டரை மில்லி என்று பொறித்திருக்கிறது. தட்டை மெஷினின் நகரும் மேசையில் கட்டிச் சக்கரத்தை இருபது சுற்று சுற்றினால் ஐம்பது. இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது?

கை இருக்கிறது. அதுதான் பயம்.

ஜூனில் கம்பெனி டாக்டர் கையை நீட்டச் சொன்னார். வலது கை நடுங்குகிறது என்று எழுதிவிட்டார். இத்தனை வருடம் இரும்புக் கம்பி ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டியவனைக் கீழே இறக்கி, கம்பிக்கட்டுக்குச் சங்கிலி மாட்ட விட்டார்கள். என் கேபினில் இப்போது தணிகாசலம். நவம்பர் கடைசிக்குள் மறுபரிசோதனை கேட்கலாம். அதிலும் தோற்றால் ரிடையர் ஆகும்வரை கீழேதான்.

கேட்கலாமா? நிஜமாகவே கை போயிருந்தால்?

ஆகஸ்ட் 19

முஜீப் கடைக்குப் போனேன். பஜாரில் டூல்ஸ் விற்கிறவன், பழவேற்காட்டுக்காரன். பொம்மைக் கிரேன் செய்கிற என் பைத்தியத்தைக் கேலி செய்யாத ஒரே ஆள். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டிஜிட்டல் ஸ்கேல் ஒண்ணு மாட்டிடுண்ணே. மேச எவ்ளோ நவுந்துச்சுன்னு நம்பராவே வந்துடும். நீ டயலப் பாக்கவே வாணாம்."

அப்போதுதான் உறைத்தது. ஸ்கேல் மேசையை நேராக அளக்கும். கை தப்பா, மெஷின் தப்பா என்று அதற்குத் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 2

மலிவான ஸ்கேல் ஒன்று வாங்கி மாட்டினேன், பேட்டரியில் ஓடுவது. மேசை நிற்கிறது, எண் தானாக ஓடுகிறது. நல்ல வேடிக்கை.

செப்டம்பர் 5

பேட்டரி மாற்றியாயிற்று. துடைத்தாயிற்று. இன்னும் ஓடுகிறது.

செப்டம்பர் 9

திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஈரக் காத்துண்ணே, இது தாங்காது" என்கிறான் முஜீப். இதை விற்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?

இனி இரண்டில் ஒன்று. காந்தப் பட்டை ஸ்கேல் – வேண்டிய அளவுக்கு வெட்டி ஒட்டினால் போதும். அல்லது கண்ணாடி ஸ்கேல் – வெட்ட முடியாது, கீழே விழுந்தால் போச்சு, கோணாமல் மாட்டுவதற்குள் உயிர் போய்விடும். காந்தம்தான் என்று முடிவு செய்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மாடியில் என் வீட்டுக்காரி ஜெனிபர் காய்ந்த துணியை உதறித் திட்டிக்கொண்டிருந்தாள். "வெள்ள சட்டைய தொவச்சிப் போட்டா கறுப்பா வருது. இந்த ஊர்ல இன்னாத்துக்குத்தான் தொவைக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துவந்து மாடித் தரையில் ஒரு இழுப்பு இழுத்தேன். காந்தத்துக்கு இரும்புத் தூள் தாடி முளைத்துவிட்டது. சுற்றிலும் இரும்பு உருக்குகிற ஊரில் காந்தப் பட்டையை ஒட்டினால் அது எதைக் காட்டும்? பட்டைமேல் மூடி இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று முஜீப் போனில் சொல்கிறான். மாடியைக் கூட்டிப் பார்த்தவன் சொல்லட்டும்.

கண்ணாடிதான்.

செப்டம்பர் 30

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முஜீப் நீளம் கேட்டான். மேசையை முனைக்கு முனை அளந்து சொன்னேன். கிரேன்காரன் புத்தி. எங்களுக்கு அளவென்றால் தண்டவாளத்தின் முழு நீளம்தான். இவன் கேட்டதோ மேசை நகர்ந்து போகிற தூரம், அது பாதிகூட இல்லை. வந்த ஸ்கேல் மெஷினைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியை அறுக்கவா முடியும்?

மாற்றித் தருகிறானாம். எப்போது? "வரும்ணே." நவம்பர் அதற்குள் வந்துவிடும்.

அக்டோபர் 8

ஜெனிபரிடம் கத்திவிட்டேன். "கொஞ்ச நாளு அத்தத் தொடாம இருங்களேன், கைக்கி ரெஸ்ட் குடுங்க" என்றாள். தப்பான வார்த்தை ஒன்றுமில்லை. கைக்கு என்ன கேடு என்று கேட்டுச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். அவளும் நம்பிவிட்டாள் என்று தோன்றியது. அழுகை வந்தது.

அக்டோபர் 17

ஸ்கேல் வந்தது. சரியான நீளம். சாமி, நன்றி.

அக்டோபர் 21 – ஞாயிறு

பூசைக்குப் போய்வந்ததும் மாட்ட ஆரம்பித்தேன். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. கோணல், மறுபடி கோணல். ஒருவழியாக நின்றது. எண்ணைச் சைபரில் வைத்துப் பத்துச் சுற்று சுற்றினேன். வர வேண்டியது 25.000.

வந்தது 25.400.

மறுபடியும் சைபரிலிருந்து பத்துச் சுற்று. 25.400. கண்ணை மூடிக்கொண்டு சுற்றி, கடைசிக் கோட்டில் மட்டும் திறந்தேன். 25.400.

இருபத்தைந்து புள்ளி நாலு. அது ஒரு இஞ்ச் அல்லவா! பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். மேசையை நகர்த்த மெஷின் உள்ளே இருப்பது இஞ்ச் அளவு ஸ்குரூ. எந்தப் புண்ணியவானோ அதன் தலையில் மில்லிமீட்டர் டயலை மாட்டி விற்றிருக்கிறான். நான் ஐம்பது என்று நினைத்து ஐம்பதே முக்காலுக்கும் மேலே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நடுங்குகிற கை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு தப்புமா? தப்பாது. தப்பவே தப்பாது. கொட்டகையில் தனியாக நின்று சிரித்தேன்.

அக்டோபர் 22

சிரித்திருக்கக் கூடாது.

சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். கடைசி எண் ஆடுகிறது. சைபர், ஐந்து, சைபர், ஐந்து. கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. வைத்தால் ஆடுகிறது. இடது கையை வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 24

ஜெனிபரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் எத்தனை நாள்தான் மருகுவது? குனிந்து எண்ணைப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்துவிட்டு, தன் கையைச் சக்கரத்தில் வைத்தாள்.

சைபர், ஐந்து, சைபர், ஐந்து.

"எனுக்கும் ஆடுதே. அப்ப நானும் ஆஸ்பத்திரிக்கிப் போவணுமா?"

சாயந்திரம் முஜீபை வரவழைத்தேன். அவன் வைத்தால் பத்துவரை போகிறது. "பீடி குடிக்கிற கைண்ணே" என்று அசடு வழிந்தான். எண் காட்டும் கடைசி ஐந்து ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. உயிருள்ள எந்தக் கைதான் அதற்குள் அடங்கும்?

அக்டோபர் 29

மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 13

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரல்மேல் காகிதத்தை வைத்துப் பார்த்தார். "போன தடவ எந்த ஷிப்ட் முடிச்சி வந்தீங்க?" என்று கேட்டார். நைட், தூங்காமல் நேராக வந்தேன் என்றேன். முதல் தடவை இதைக் கேட்டிருக்கலாம். கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். கை அசையவில்லை.

நவம்பர் 20

மறுபடி மேலே, முதல் ஷிப்ட். கேபின் கண்ணாடியைத் தணிகாசலம் துடைத்ததே இல்லை போலிருக்கிறது. கம்பிக்கட்டை லாரிக்கு மேலே கொண்டுபோனேன். கீழே சங்கிலி மாட்டுகிற முனுசாமி கையசைத்தான் – இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும். நிறுத்தினேன். கட்டு ஆடாமல் நின்றது.