ரெண்டு வருஷ சயன்ஸ் எவ்வளவு பெறும்

டொலிடோ, ஒஹாயோ
செப்டம்பர் 6, 1994

அன்புள்ள எர்னி,

இங்கே நலம். உன் முட்டி எப்படி இருக்கிறது? நானாகக் கேட்டால் ஒழிய எழுதமாட்டாய். டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு உன் கப்பலை ஒட்டி வரும்போது, தபால் ஏற்றுகிற வாளியை நீயே கயிற்றில் இறக்கு. கடிதத்தோடு நான் சுட்ட ஒரு வால்நட் ரோல் கேக்கும் வைத்திருக்கிறேன். போன தடவை கப்பல் சமையல்காரன் கைபட்டுப் பாதிதான் உனக்கு வந்ததாமே.

கம்யூனிட்டி காலேஜில் என் சயன்ஸ் படிப்பு முடிந்துவிட்டது. ஆலையில் கார்க்கதவு மாட்டிவிட்டு வந்து படித்ததால் ரெண்டு வருஷப் படிப்பு நாலு வருஷம் இழுத்தது. நகரக் குடிநீர் நிலைய ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் காலி. வேதியியல் டீச்சர் மிஸஸ் ஓடம், "ஐலோனா, இது உனக்குன்னே வந்திருக்கு, விட்டுடாதே" என்றாள். நேர்காணலுக்குப் போனேன். அக்டோபரில் சேரச் சொல்கிறார்கள்.

சம்பளம் மட்டும் ஆலையைவிடக் கொஞ்சம் குறைவு. கோபப்படாமல் பதில் போடு.

உன் ஐலோனா

* * *

டுலூத் துறைமுகம்
செப்டம்பர் 15

என் லோனாவுக்கு,

ரோல் முழுசாக வந்தது. கடிதம்தான் தொண்டையில் இறங்கவில்லை. கொஞ்சம் குறைவென்றால் எவ்வளவு? நீ எழுதாமல் விட்டதிலேயே தெரிகிறது, மூன்றில் ஒரு பங்காவது போகும்.

சாப்பாட்டு மேஜையில் இதைச் சொல்லப்போக, இரண்டாம் எஞ்சினியர் பிராஸ்கோ பிடித்துக்கொண்டான். "ஊர்ல எல்லாரும் சம்பளம் ஏறத்தான்யா படிப்பாங்க. உன் பொண்டாட்டி இறங்கப் படிச்சிருக்காளா?" அவன் தங்கையும் இப்படி ஒரு கல்லூரியில்தான் படித்தாள். ஆனால் பல் சுத்தம் செய்கிற படிப்பு. வெளியே வந்த மாசமே கை நிறையச் சம்பளம். "வெறும் சயன்ஸ்னா பாதிப் பாலம்ப்பா. மேல யுனிவர்சிட்டி போனாத்தான் கரை" என்கிறான்.

ஆலையை விட்டால் உன் பதினேழு வருஷ சீனியாரிட்டி அத்தோடு போயிற்று. நாளைக்குத் திரும்பிப் போனாலும் நேற்று வந்த பையனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். உன் சம்பளத்தையும் ஆலை யூனியனின் மருத்துவ இன்சூரன்ஸையும் நம்பித்தானே இந்தக் குளிர்காலம் நான் கப்பலை விட்டுக் கரையேறி, முட்டியை ஆபரேஷன் செய்துகொள்வதாகப் பேசினோம்? எஞ்சின் அறை ஏணியில் இறங்கும்போதெல்லாம் உயிர் போகிறது. இன்னொரு வருஷம் என்னால் முடியாது.

நீ படித்ததில் எனக்குப் பெருமைதான். பட்டத்துக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டு. வேலையை விடாதே.

எர்னி

* * *

டொலிடோ
செப்டம்பர் 24

அன்புள்ள எர்னி,

நீ போட்ட கணக்கை நானும் போட்டேன். மூன்றில் ஒரு பங்கு போகும், சரிதான். தண்ணீர் நிலைய உரிமத் தேர்வுகளை எழுத எழுத ஏறும். ஆலைச் சம்பளத்தைத் தொட ஏழெட்டு வருஷம் ஆகும். அதற்குள் எனக்கு ஐம்பது வயது. நஷ்டம் என்று தெரிந்தேதான் ஆசைப்படுகிறேன்.

போன வாரம் லைனில் என் கை மரத்துப்போய்க் கதவு நழுவியது. பக்கத்தில் நிற்கிற டெல்மா, "காலேஜ் மகாராணி, கனவு கண்டது போதும், கதவு வருது பாரு" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. நேர்காணல் அன்று ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். முடிக்கிறவரை நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஆலையில் இத்தனை வருஷமாக வேறு எதையுமே பார்த்ததில்லை.

அங்கே இன்சூரன்ஸ் ஆறு மாதம் கழித்துத்தான். அப்போது பனி உருகி ஏரியில் கப்பல் ஓடத் தொடங்கியிருக்கும். உன் ஆபரேஷன் அடுத்த குளிர்காலத்துக்குத் தள்ளிப்போகும், நீ இன்னொரு வருஷம் அந்த ஏணியில் இறங்க வேண்டும். கேட்கவே கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். நீ வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன், சத்தியமாக.

உன் லோனா

* * *

டுலூத்
அக்டோபர் 5

என் லோனாவுக்கு,

உன் கடிதத்தை எஞ்சின் அறையில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். "என்னய்யா, பேயறஞ்சவன் மாதிரி இருக்கே" என்று பிராஸ்கோகூடப் பயந்துவிட்டான்.

என்னைக் கேட்டுக்கொண்டு யாரும் எதையும் செய்ததில்லை. அப்பா கேட்காமல்தான் கப்பலில் ஏற்றிவிட்டார். கேப்டன் கேட்டா வேலை சொல்கிறான்? நீ ஒருத்திதான் கேட்டாய், அதுவும் என் வாய்ச்சொல்லுக்காக உன் ஆசையையே விடுகிறேன் என்று. அது எனக்குப் போதும். அடுத்த வருஷத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். முட்டிக்குப் பட்டை கட்டிக்கொள்கிறேன்.

போய்ச் சேர். நல்லா இரு.

உன் எர்னி

* * *

டொலிடோ
அக்டோபர் 14

எர்னி,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். அழுகை வந்தது, சந்தோஷத்தில் அல்ல.

வேலையை விடாதே என்று நீ எழுதிய கடிதம் வந்த மறுநாளே, நான் ஆலையில் வேலை அட்டையைத் திருப்பிக் கொடுத்து ராஜினாமாவில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் உன்னைக் கேட்டு எழுதினேன். நீ வேண்டாமென்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பேச்சுக்காவது கேட்டதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மறைத்திருக்கலாம். நீ எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை.

திட்டு. திட்டியாவது எழுது.

ஐலோனா

* * *

டுலூத்
நவம்பர் 2

ஐலோனா,

கடிதம் கிடைத்தது.

வேலையை விடச் சொல்லமாட்டேன். இனி விட்டால் உள்ளதும் போகும். சம்பளம் குறைந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. நீ கேட்டாய் என்றுதான் சரி சொன்னேன். நீ கேட்கவே இல்லையென்றால், நான் சொன்ன சரி யாருக்கு?

ஜனவரியில் இங்கே பனியில் கப்பலைக் கட்டிப்போட்டதும் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், வசந்தம்வரை காவலுக்கு ஓர் ஆள் கப்பலிலேயே தங்க வேண்டும். வழக்கமாகக் கல்யாணமாகாதவன்தான் அதைக் கேட்டு வாங்குவான். இந்த வருஷம் நான் வாங்கிவிட்டேன். "வீட்ல கேட்டியா?" என்றான் பிராஸ்கோ. "கேட்டாச்சு" என்றேன்.

அந்தச் சம்பளம் உன் பெயருக்கு வரும். உனக்குக் குறைகிற பங்குக்கு ஆகும்.

எர்னி