ஏழாவது வரிசைப் பதியம்

லா முரெத் தோட்டம், கஹோர்
25 செப்டம்பர் 1988

ரெஜிஸ்,

நீ போய் ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். காரியமாகத்தான். விவாகரத்தில் உன் பங்குக்கு வந்த, எட்டாவதிலிருந்து கடைசி வரையுள்ள ஏழு வரிசைத் திராட்சைக்கொடிகளையும் நவம்பரில் பிடுங்கிவிட்டு, கொடியை ஒழிப்பவர்களுக்கு அரசு தரும் மானியத்தை வாங்கப்போகிறாயாம். பக்கத்துத் தோட்டத்து மர்செலென் வேலியோரம் நின்று, "உன் பழைய புருஷன் கொடி பூராத்தையும் பிடுங்கச் சொல்லிட்டான். டிராக்டர்தான் என்னுது. திட்டறதுன்னா அவனைத் திட்டு" என்றான். இரண்டு பேரையும் திட்டினேன்.

பிடுங்குவது உன் இஷ்டம். ஒரே ஒரு கொடியை விட்டுவை. எட்டாவது வரிசையில் சுவரோரம் நிற்பது, ஐம்பத்தாறாம் வருடக் கடுங்குளிரில் சாகாத ஒரே மல்பெக் திராட்சைக்கொடி. நமக்குக் கல்யாணமான வருடம் அதன் கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, ஏழாவது வரிசையில் காலியாகக் கிடந்த இடத்தில் பதியம் போட்டாய். "இதைத் தாய்க்கொடிலேர்ந்து வெட்டி மட்டும் விட்டுடாத. தாய்க்கு வேற ஜாதி வேர்ல ஒட்டுக்கட்டியிருக்கு, வேர்ப்பேன் அண்டாது. இது சொந்த வேர்ல தனியா நின்னா அந்தப் பேன் தின்னுடும்" என்றாய். இப்போது தாய் உன் நிலத்தில், பிள்ளை என் நிலத்தில். தாயைப் பிடுங்கினால் என்னுடையதும் சாகும். இந்த வருடம் பூ உதிர்ந்து தோட்டம் பாதிதான் காய்த்தது. அந்தப் பிள்ளைக்கொடியில் மட்டும் பதினெட்டுக் குலை.

ஆர்லெத்


துலூஸ்
9 அக்டோபர்

அன்புள்ள ஆர்லெத்துக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்தேன். கொடிக்காக என்று தெரிந்ததும் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. நான் சுகம். அதே கடையில் குளியலறைக் குழாய் விற்கிறேன். முழங்கால்தான் படி ஏறவிடுவதில்லை.

மானிய அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்த பெண், "பிடுங்கினா எல்லாத்தையும் பிடுங்கணும் சார். ஞாபகத்துக்கு ஒண்ணு விட்டுவைக்கறேன்னு எழுத ஃபாரத்துல இடமே இல்ல" என்று சிரித்தாள்.

பதினெட்டுக் குலையா? நீயே எண்ணினாயா? எண்பத்திரண்டில் அந்தக் கொடி எப்படி இருந்தது?

என்றும்
ரெஜிஸ்


லா முரெத்
16 அக்டோபர்

ரெஜிஸ்,

அறுவடை முடிந்தது. ஒயின் மை மாதிரி கறுப்பாக இறங்கியிருக்கிறது. என் விரல் நகங்களும் அதே நிறம். குடிக்கும் பதத்துக்கு வர எட்டு வருடமாவது ஆகும்.

எண்பத்திரண்டை எதற்குக் கேட்கிறாய்? நான் கேட்டதற்குப் பதில் சொல். விடுவாயா, மாட்டாயா? மாட்டேன் என்றால் நாற்காலியைக் கொண்டுபோய் எட்டாவது வரிசையில் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மர்செலெனிடம் சொல்லியாயிற்று. "நீ உக்காந்தா நான் எஞ்சினை அணைச்சுட்டுச் சாப்பிடப் போயிடுவேன். எனக்கென்ன, மணிக்கணக்குக் கூலி" என்றான்.

ஆர்லெத்


துலூஸ்
30 அக்டோபர்

அன்புள்ள ஆர்லெத்துக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ நாற்காலி போட வேண்டியதில்லை. உன் கொடிக்கும் என் கொடிக்கும் இப்போது தொடர்பு கிடையாது. எண்பத்திரண்டு மார்ச்சில், நான் கிளம்பிய அன்று காலை, பேருந்துக்கு முன்னால் தோட்டத்துக்குப் போனேன். மண்ணைத் தோண்டி அந்தக் கிளையை ரம்பத்தால் அறுத்து மூடிவிட்டேன். கோடையில் அது காயும், நீ பதறிப்போய் எனக்கு எழுதுவாய் என்று நினைத்தேன். ஒரு வரி வந்திருந்தால் திரும்பியிருப்பேன். தபால்காரனைத் தினமும் கேட்டேன். அந்த வருடம் முழுவதும் கேட்டேன்.

அது எப்படிப் பிழைத்தது என்று எனக்குப் புரியவில்லை. நம்பாவிட்டால் தோண்டிப் பார்.

செய்தது அசிங்கம். வெட்கமாக இருக்கிறது. மார்ச்சில் கவாத்துக்கு வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

உன்
ரெஜிஸ்


லா முரெத்
6 நவம்பர்

ரெஜிஸ்,

தோண்டிப் பார்த்தேன். நேரான அறுப்பு. ரம்பத்தை நீ எப்போதும் தீட்டித்தான் வைத்திருப்பாய். ஒரு மணி நேரம் உன்மேல் கடும் கோபமாக இருந்தது. அப்புறம் சூப்பைச் சுடவைத்துச் சாப்பிட்டேன்.

பிள்ளைக்கொடியடியில் மூன்று முழத்துக்குக் கீழே வெறும் ஆற்று மணல். மணலில் வேர்ப்பேன் வாழாது. இருபது வருடம் அந்த நிலத்தை உழுதும் உனக்கு அது தெரியவில்லை, எனக்கும்தான். கொடி தன் வேரில் நிற்கிறது.

மர்செலென் செவ்வாய்க்கிழமை வரலாம். எட்டாவது வரிசையையும் பிடுங்கட்டும். கவாத்துக்கு ஆள் இருக்கிறது.

எண்பத்திரண்டைக் கேட்டாயே. ஜூலையில் அது இலை சுருண்டு வாடியது. உனக்கு எழுதலாம் என்று காகிதம்கூட எடுத்துவைத்தேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். செப்டம்பர் வரை தினமும் இரண்டு வாளி ஊற்றினேன். உனக்கு எழுதுவதைவிட அது சுலபமாக இருந்தது.

ஆர்லெத்